முப்பத்திரண்டு கத்திகள்

வியாழக்கிழமை பதுளைக் கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று சட்டத்தரணி போனில் சொன்ன நாள் முதல் சிவசக்திக்குச் சோறு இறங்கவில்லை. மலையில் நின்றால் விரல்கள் தம்பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தன. மனம் மட்டும் கோர்ட்டு வாசலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை அவள் பேரை இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் திரும்பினாள். பக்கத்து நிரைப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். முன்னெல்லாம் சிவசக்தி நிற்கிற நிரையில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. இந்த நாலு வருசத்தில் அவளைக் கேலி பண்ணவும் ஆளில்லை, அவள் கேலி பண்ணவும் ஆளில்லை.

ஹாலிஎலையிலிருந்து ஏறுகிற குண்டும் குழியுமான ரோட்டின் முடிவில் இருக்கிறது நீர்ப்பாறைத் தோட்டத்து மேல் டிவிசன். வரிசை வீடுகளாக மூன்று லயம், ஒரு மாரியம்மன் கோயில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற ஒரு பிள்ளைக் காம்பரா, பாறைக்கடியில் எந்தக் கோடையிலும் வற்றாமல் தண்ணீர் கொட்டுகிற ஒரு பீலி. அவ்வளவுதான் ஊர். சிவசக்தியின் புருசன் யோகராஜா அங்கே கவ்வாத்துக்காரன். வயதேறிய தேயிலைச் செடியை முழங்கால் மட்டத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை அது. வெட்டு சரிவாக விழ வேண்டும், பட்டை கிழியக் கூடாது. அவன் வெட்டிய மலையைப் பார்த்தால் நாவிதன் கை பட்ட தலை மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்டவன் இப்போது நாலு வருசமாகப் பதுளைச் சிறையில், வழக்கு முடியாமல் விளக்கமறியலில் கிடக்கிறான். அவர்கள் இருக்கிற அதே லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த ரமேஸைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக் கொன்றான் என்று வழக்கு.

மகள் துஷாந்தினிக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் 'கொலகாரன் மக' என்று கூப்பிட ஆரம்பித்ததும், சிவசக்தி அவளை மொனராகலையில் கட்டிக் கொடுத்த தன் அக்கா அன்னலட்சுமி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அப்பா வந்ததும் அடுத்த பஸ்ஸிலேயே வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு வந்தாள். இப்போது பிள்ளைக்குப் பதினொன்று. போனில் பேசும்போதெல்லாம் முதல் கேள்வி அப்பா எப்ப வருவார் என்பதுதான்.

ரமேஸும் யோகராஜாவும் பகைத்துக்கொண்டது ஒளித்து மறைக்கிற விசயமில்லை. லயத்துக்குப் பின்னால் இரண்டு பேரும் காய்கறித் தோட்டம் பிடித்துப் போஞ்சி போட்டிருந்தார்கள். இரண்டு பேர் வேலியும் ஒரே இடத்தில் விழுந்தது. ஒருத்தன் நட்டதை இன்னொருத்தன் பிடுங்குவான். அன்று காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க டிவிசனே திரண்டு நிற்கும்போது, இன்னொரு தடவை வேலியில் கை வைத்தால் கையை வெட்டுவேன் என்று யோகராஜா கத்தினான். வாய்ச் சவடால்தான். தோட்டத்துச் சண்டையில் கை கால் வெட்டுப்படாத சண்டை எது? ஆனால் அன்று பொழுது சாய்ந்த பிறகு, ஏழாம் நம்பர் மலையில் மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள், கழுத்தில் வெட்டோடு ரமேஸ் செத்துக் கிடந்தான்.

மறுநாள் ஆயுத பூசை. அதுதான் இந்தக் கதையில் வந்து குறுக்கே நின்ற விசயம்.

ஆயுத பூசைக்கு முதல்நாள் ஆம்பிளைகள் வேலை முடித்துக் கொண்டுவந்து வைக்கிற கத்தியையும் மண்வெட்டியையும் அலவாங்கையும் பொம்பிளைகள் பீலிக்கு எடுத்துப்போவார்கள். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமிப்படத்துக்குக் கீழே சாத்திவிடுவார்கள். அப்புறம் ஒரு நாள் முழுக்க யாரும் அதைத் தொடக் கூடாது. அன்று சாயந்திரமும் அப்படித்தான். கானுக்குள் ஒரு பிணம் கிடப்பது தெரியாமல், பீலியில் பொம்பிளைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துத் தள்ளிக்கொண்டு, எந்தப் புருசன் கத்தி மொட்டை, எவன் கத்தி கூர் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு, டிவிசனில் இருந்த முப்பத்திரண்டு கவ்வாத்துக் கத்திகளையும் கழுவினார்கள். சிவசக்தியும் கழுவினாள்.

மறுநாள் மத்தியானம் பொலிஸ் வந்தது. பெரட்டில் கத்தினவன் வீடு எது என்று கேட்டு நேராக வந்தார்கள். சாமிப்படத்துக்குக் கீழே கத்தி பளபளவென்று இருந்தது. கொலைக்கத்தியை இரவோடிரவாகக் கழுவிவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு எடுத்துப்போனார்கள். பக்கத்துக் காம்பராவில் ஒரு எட்டு எட்டிப் பார்த்திருந்தால், அங்கேயும் ஒரு கத்தி குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. ஆயுத பூசை தெரியாத ஆட்கள். அவர்கள் பூசை வேறு, நம்முடைய பூசை வேறு.

இன்னொரு சாட்சியும் இருந்தது. தம்பையா கங்காணி. மூன்று மணிக்கு, மூடுபனிக்குள், மழைக்குத் தலையோடு சாக்குக் கொங்காணி போட்ட ஒருத்தன் ஏழாம் நம்பருக்கு ஏறிப் போனதைப் பார்த்ததாகவும், நடை யோகராஜா நடைதான் என்றும் சொல்லியிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் டிவிசன் ஆம்பிளைகள் எல்லாரும் கொங்காணிக்குள்தான் இருப்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கங்காணியைச் சிலர் திட்டினார்கள். ஆனால் நாற்பது வருசம் ஆள் மேய்த்தவர், நடை தெரியாதா என்றும் சிலர் கேட்டார்கள்.

யோகராஜாவைத் தூக்கில் போட்டுவிடுவார்களோ, ஆயுசு முழுக்க உள்ளே வைத்துவிடுவார்களோ என்று சிவசக்தி பயப்படுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்தப் பயமும் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பயம் இருந்தது. அதை அவள் அம்மனிடம்கூடச் சொன்னதில்லை. அன்று மற்ற கவ்வாத்துக்காரர்கள் இரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். யோகராஜா வந்தது நாலு மணிக்கு. தலையில் ஒரு கட்டு விறகு இருந்தது. விறகு பொறுக்க ஒரு மணி நேரம் போகும். மற்ற ஒரு மணி நேரம் எங்கே போனது? கத்தியை வாசலில் வைத்துவிட்டு, பேசாமல், நனைந்த உடுப்போடு குளிக்கப் போனான். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். கத்தியில் கறை இருந்தது. தேயிலைச் சாறு காய்ந்தால் கறுப்பாகத்தான் இருக்கும், தினமும் இருக்கும். அன்றைக்கு இருந்தது அதுதானா? அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? இந்த நாலு வருசமாகக் கண்ணை மூடினால் அந்தக் கத்தியைத்தான் பார்க்கிறாள். ஒரு நாள் அந்தக் கறை கறுப்பாக இருக்கிறது. இன்னொரு நாள் சிவப்பாக இருக்கிறது.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சோற்றுப் பார்சலோடு சிறைக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், நடுவில் கத்திக்கொண்டிருக்கிற நூறு பேர். பிள்ளை எப்படி, கூரைத் தகரம் ஒழுகுகிறதா, போஞ்சி பிடித்திருக்கிறதா என்பான். அவளும் பதில் சொல்லுவாள். அதை மட்டும் அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுச் சட்டத்தரணி றம்ஸியாவைப் பார்க்கப் போனாள். கோர்ட்டுக்குப் பின் சந்தில், ஒரு தையல் கடைக்கு மேலே, இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் உள்ள அறை. றம்ஸியா பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவள், முப்பது வயதுக்குள் இருக்கும். கைக்காசு வாங்காமல் இந்த வழக்கைப் பேசுகிறாள். சிவசக்திக்குத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"அக்கா, அவர் செய்யல்லன்னு நாங்க நிரூபிக்கத் தேவல்ல. அவர்தான் செஞ்சாருன்னு அவங்கதான் நிரூபிக்கணும். அதுல நியாயமான சந்தேகம் ஒண்டு மிஞ்சினா நீதிபதி விட்டுடணும். அதுதான் சட்டம்."

"நியாயமான சந்தேகம்னா எவ்வளவுங்க?" என்று சிவசக்தி கேட்டாள்.

றம்ஸியா சிரித்தாள். கொழுந்து மாதிரித் தராசில் போட்டுப் பார்க்க ஏலாது என்றாள். சும்மா மனசுக்குள் வருகிற சந்தேகம் போதாது, அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், புத்தியுள்ள ஆள் அந்தக் காரணத்தைத் தட்டிவிட முடியாமல் இருக்க வேண்டும் என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே ஏதோ பகிடி போல, "வீட்டுல ஒரு சந்தேகம் வந்தா ஆள் குத்தவாளி அக்கா. கோர்ட்டுல ஒரு சந்தேகம் வந்தா ஆள் விடுதலை. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்.

அது பகிடியாகச் சொன்னது. சிவசக்திக்குப் பகிடியாகப் படவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தாள்.

ஆயுத பூசை வழக்கத்தை, முப்பத்திரண்டு கத்தியும் கழுவப்பட்டதை, நீங்கள் கூண்டில் சொன்னால் போதும் என்றாள் றம்ஸியா. ஆனால் எதிர்த்தரப்பு அரச சட்டத்தரணி விடமாட்டார், கத்தியில் என்ன இருந்தது என்று கேட்பார். சொல்லிவிட்டு, என்ன இருந்தது என்று தானும் கேட்டாள். சிவசக்தி மேசையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள். றம்ஸியா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"பாத்ததச் சொல்லுங்க. பாக்காததச் சொல்லாதீங்க. நான் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டேன்."

புதன்கிழமை சாயந்திரம் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது துஷ்யந்தி வந்தாள். செத்துப்போன ரமேஸின் பெண்சாதி. ஒரே லயம், ஒரே பீலி, நடுவில் ஒன்பது காம்பரா. நாலு வருசமாக ஒருத்தி வந்தால் மற்றவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அன்று சிவசக்தி குடத்தைத் தூக்கும்போது துஷ்யந்தி வழியை மறித்து நின்றாள். அடிப்பாளோ, மண்ணை வாரித் தூற்றுவாளோ என்று சிவசக்தி பயந்தாள். துஷ்யந்தி குரலை உயர்த்தவே இல்லை.

"நாளைக்கி போறியாமே."

"ஆமா."

"நான் ஒன்னைய சாபம் உட வரல. எம் புருசன நீ வெட்டல. நீ பாத்தத மட்டும் சொல்லு. பொய் சொல்லி அவன வெளிய எடுத்தீன்னா, அப்பறம் அவன்கூட ஒரே கூரைக்குள்ள இருக்கப் போறது நீதான். நானில்ல."

சொல்லிவிட்டுக் குடத்தைப் பீலிக்கடியில் வைத்தாள். சிவசக்தி வீட்டுக்கு வந்து ரொட்டி சுட்டாள், சம்பல் இடித்தாள், ஒரு வாய் வைக்க முடியவில்லை. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். மடியில் கனம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாதவள் என்ன செய்வாள்?

கோர்ட்டில் எல்லாம் சிங்களத்தில் நடந்தது. மொழிபெயர்க்கிற ஐயா நல்ல மனுசன், ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை சொன்னார். குற்றவாளிக் கூண்டில் யோகராஜா வெள்ளைச் சட்டையோடு நின்றான். சட்டைக்குள் ஆளே இல்லாதது போல இளைத்திருந்தான். சிவசக்தி அவன் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

றம்ஸியா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பூசைக்கு முதல்நாள் கழுவுவது தாத்தன் பாட்டன் காலத்து வழக்கம். அன்று பீலியில் யார் யார் நின்றார்கள், எந்தக் கத்தி யாருடையது என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு, எல்லாக் கத்தியுமா என்று கேட்டார். "ஆமாங்க, டிவிசன்ல ஒரு கத்தி பாக்கியில்ல" என்றாள். பின் வரிசையில் தம்பையா கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். அவர் கத்தியும் அதில் ஒன்று. வெட்டு விழுந்தது வளைந்த கனமான கத்தியால் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த முப்பத்திரண்டுமே வளைந்த கனமான கத்திகள்தான்.

பிறகு அரச சட்டத்தரணி எழுந்தார். கண்ணாடி போட்ட, சத்தம் போடாத மனுசர். சத்தம் போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கணவர் எத்தனை மணிக்கு வந்தார்? நாலு மணி. மற்றவர்கள்? இரண்டு மணி. அந்த நேரம் எங்கே இருந்தார்? விறகு கொண்டுவந்தார், மற்றது தெரியாது. கத்தியைக் கையில் எடுத்தபோது அதில் என்ன இருந்தது?

"கறை இருந்துச்சுங்க."

றம்ஸியா எழுதுவதை நிறுத்தினாள்.

"அது தேயிலைக் கறையா, இரத்தமா?"

தேயிலைக் கறை என்று ஒரு சொல் சொன்னால் போதும். தினமும் இருக்கிற கறைதானே, அது பொய்யாகக்கூட இருக்காது. மொனராகலையில் பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யோகராஜா கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளால் பிடிக்க முடியவில்லை. சொல்லு என்கிறானா, சொல்லாதே என்கிறானா? பதினாலு வருசம் கூட இருந்தவன் முகத்தைப் படிக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"தெரியாதுங்க," என்றாள். "நான் பாக்கல. இருட்டிக்கிட்டு வந்துச்சு. கூட்டமா இருந்துச்சு. கழுவிட்டேன்."

இந்த நாலு வருசத்தில் கணவரிடம் நீங்கள் கேட்கவே இல்லையா, அவர் என்ன சொன்னார் என்று அரச சட்டத்தரணி கேட்டார். றம்ஸியா துள்ளி எழுந்து ஏதோ சொன்னாள். புருசன் பெண்சாதிக்குள் பேசிக்கொள்வதைக் கோர்ட்டில் கேட்கக் கூடாதாம். அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டாம் என்று நீதிபதி சொல்லிவிட்டார். சட்டத்துக்கே அங்கே எட்டிப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்கிறது. சிவசக்தி கூண்டை விட்டு இறங்கினபோது கால் வழுக்கியது, மொழிபெயர்க்கிற ஐயாதான் கையைப் பிடித்தார். வெளியே வராந்தாவில் சுவரோடு உட்கார்ந்து, தானே தன் புருசனைத் தூக்குக்குக் கொடுத்துவிட்டோம் என்று அழுதாள். றம்ஸியா பக்கத்தில் வந்து குந்தினாள், தோளில் கை போட்டாள்.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு. நீதிபதி ஒரு மணி நேரம் வாசித்தார். றம்ஸியா பிறகு அதைத் தமிழில் சுருக்கிச் சொன்னாள். கோபத்தில் கத்தினது கொலைக்குச் சாட்சியாகாது. மூடுபனிக்குள் முதுகுப் பக்கம் பார்த்த நடை போதாது. முப்பத்திரண்டு கத்தியும் ஒரே சாயந்திரத்தில் கழுவப்பட்டிருக்கும்போது, இந்தக் கத்தி கழுவப்பட்டிருந்தது என்பதில் ஒரு அர்த்தமும் இல்லை. கடைசியாக அவளைப் பற்றி. பொய் சொல்லிப் புருசனைக் காப்பாற்றியிருக்கக் கூடியவள் பொய் சொல்லவில்லை, ஆகவே இவள் சொன்னதை நான் நம்புகிறேன். கத்தியைத் தன் கையால் கழுவியவளுக்கே தெரியவில்லை என்றால், இங்கே உட்கார்ந்திருக்கிற நான் எப்படி நிச்சயமாகச் சொல்ல முடியும்? சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது நிரூபணம் ஆகாது. விடுதலை.

எந்தத் தெரியாது அவளை நாலு வருசம் தின்றதோ, அதே தெரியாதுதான் அவனை வெளியே கொண்டுவந்தது. துஷ்யந்தி அழவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவனை விட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் சிவசக்தி அவனுக்குச் சோறு வாங்கிக் கொடுத்தாள். அவன் அவசர அவசரமாகத் தின்றான், யாராவது தட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது போல. அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்தக் கை சோற்றைப் பிசைகிறதைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது, எதை ஒதுக்குவது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் சன்னலோரம் அவனை உட்காரச் சொன்னாள். ஹாலிஎலை வரும் வரை அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். புதிதாக வந்த கடைகளையும் அகலமாக்கின ரோட்டையும் பற்றிக் கேட்டான். மேலே ஏறும் ரோட்டில் பஸ் திரும்பியதும் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"காலையில மொத பஸ்ஸுக்கு மொனராகலைக்குப் போயிட்டு வந்துடுவோம். புள்ளைய கூட்டிட்டு வந்துடலாம்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் நாலு வருசம் காத்திருந்தாள். இதைக் கேட்டதும் குதித்து எழ வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"பரீட்ச வருதுங்க. அது முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

பஸ் இரண்டு வளைவு தாண்டியது. முன் சீட்டில் இருந்த பொம்பிளை இறங்கிப் போனாள்.

"சக்தி, நாலு வருசமா நீ என்னைய கேக்காத ஒண்ணு இருக்கு. இப்பக் கேளு. நான் சொல்றேன்."

"வேணாங்க."

"ஏன்?"

அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லிப் பார்த்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். கோர்ட்டிலேயே வராத பொய் இங்கேயா வரப்போகிறது?

"நீங்க இல்லேன்னுதான் சொல்லுவீங்க. நான் அத நம்பணும். நம்ப முடியாமப் போயிருமோன்னு பயமா இருக்கு."

"கோர்ட்டுலயே விட்டுட்டாங்களே சக்தி."

"விட்டுட்டாங்க."

அவன் தன் இரண்டு கையையும் தொடைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தான். செய்யாதவனாக இருந்தால், அந்த நேரம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் தாங்க முடியவில்லை. செய்தவனாக இருந்தாலும் அப்படித்தான். தோட்டத்துக் கோயில் கோபுரம் தெரிந்ததும் அவன் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சரி. ரெண்டு மாசந்தானே" என்றான்.

சிவசக்தி தலையை ஆட்டினாள். பரீட்சை முடிந்த பிறகு சொல்ல வேறொரு காரணம் தேட வேண்டியிருக்கும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அது அவனுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பஸ் நின்றதும் அவனே முதலில் இறங்கி, அவளுக்காக நிற்காமல் லயத்தைப் பார்த்து நடந்தான்.